கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் பழையது போகக் கூடாது

காரைக்குடியில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குக் காவடிச் சிந்து, கும்பாபிஷேகத்துக்குப் போட ஒரு பாட்டு, மணிவிழா வீடியோவுக்குப் பின்னணி இசை என்று வேலை வரும். எதுவும் ஒரே தடவையில் முடியாது. உருமி வேண்டாம் என்பார்கள். எடுத்துவிட்டுக் கொடுத்தால், “மொதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சே” என்பார்கள். அந்த ‘மொதல்ல இருந்தது’ எப்போது கேட்டாலும் கையில் இருக்க வேண்டும்.

பலரும் கரண்ட் போவதற்குத்தான் பயப்படுகிறார்கள். அதை யூபிஎஸ் பார்த்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது, விரல் பழக்கத்தில் சேவ் செய்ய அழுத்துகிற கண்ட்ரோல் எஸ் தான் எனக்குப் பயம். பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். ஆட்டோசேவும் அதே ஃபைலின் மேலேயே எழுதினால் துணைக்கு வராது. கெடுத்து வைத்ததையும் சேர்த்துத்தான் பத்திரப்படுத்தும்.

தேவகோட்டையில் ஒரு வீட்டு ஆச்சி பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்யக் கேட்டார்கள். வயதான குரல், திரும்பப் பாடச் சொல்ல முடியாது. அந்த வேலையைத் தொடுவதற்கு முன்பு ஒரு மாலை உட்கார்ந்து, நான் பதிவுக்குப் பயன்படுத்தும் ரீப்பர் என்ற மென்பொருளின் செட்டிங்ஸை எல்லாம் மாற்றினேன்.

முதலில் மாற்றியது, திறந்தவுடன் கடைசியாகச் செய்த புராஜெக்டே வந்து நிற்பதை. நேற்றைய வேலையின் மேல் இன்றைய பாட்டைத் தொடங்கி சேவ் செய்ய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ப்ரிஃபரன்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய், புதுப் புராஜெக்டோடு தொடங்கும்படி வைத்தேன். அப்புறம் புராஜெக்ட் பகுதியில், புதிதாகத் தொடங்கியதுமே பெயர் கேட்கும் வசதியை டிக் செய்தேன். பெயர் கொடுக்கும் பெட்டியிலேயே தனி ஃபோல்டர் உருவாக்குவதையும் டிக் செய்துவிட்டால், ஒரு ஸ்வரம் பதிவாவதற்கு முன்பே அதற்கென்று தனி ஃபோல்டர் உருவாகிவிடுகிறது. பழைய பாட்டைத் திறந்து டிராக்கை எல்லாம் அழித்துவிட்டுப் புதியதற்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. அதற்குப் பதில் குரல், தவில், தம்புரா டிராக்குகளை எஃபெக்ட்டோடு அடுக்கி, ஒவ்வொரு புதுப் பாட்டையும் தொடங்க ஒரு வெற்று மாதிரியாக, டெம்ப்ளேட்டாகச் சேமித்தேன்.

முக்கியமானது அடுத்ததுதான். ஃபைல் மெனுவில், புராஜெக்டைப் புதிய வெர்ஷனாகச் சேமிக்க ஒரு கட்டளை இருக்கிறது. பெயரின் கடைசியில் இருக்கும் எண்ணைக் கூட்டி வேறு ஃபைலாக வைக்கும். ஆக்‌ஷன் பட்டியலில் அதைத் தேடி, கண்ட்ரோல் எஸ்ஸை அதற்கே கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே வேறு வேலைக்கு அந்தச் சாவி இருக்கிறது, மாற்றவா என்று கேட்கும். சரி என்றால் போதும். இனி விரல் எத்தனை தடவை அழுத்தினாலும் பழையது பழையபடியே இருக்கும். டிஸ்க் நிரம்பிவிடுமே என்ற கவலை வேண்டாம். ரீப்பரின் புராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில்கூடத் திறந்து பார்க்கலாம். ஒலி தனி ஃபைல்களாகப் பக்கத்தில் கிடக்கும்.

ரீப்பர் தானாகவே, மேலெழுதும்போது முந்தையதை ஆர்பிபி பேக் என்ற பெயரில் ஒதுக்கி வைக்கும். அது ஒரே ஒரு படி பின்னால். இரண்டாவது முறை சேவ் செய்தால் அதுவும் நகர்ந்துவிடுமே! அதனால் குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை நேர முத்திரையோடு பேக்கப் எடுப்பதையும் சேர்த்தே ஆன் செய்தேன்.

புதிய வெர்ஷனாகச் சேமிப்பதோ பழைய பிரதியை வைத்திருப்பதோ மற்ற இசை மென்பொருள்களிலும் உண்டு. புதிய வெர்ஷனுக்கு, க்யூபேஸில் கண்ட்ரோல் ஆல்ட் எஸ், எஃப்எல் ஸ்டுடியோவில் கண்ட்ரோல் என். ஏபிள்டன் லைவ் பேக்கப் ஃபோல்டரில் கடைசிப் 10 பிரதிகளை வைத்திருக்கும். ஆடாசிட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஒலியும் எடிட்டும் ஒரே ஃபைலுக்குள் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு பிரதியும் ஒலியையும் சேர்த்துப் பெரிதாக இருக்கும். தனிப் பிரதி எடுக்க அங்கே பேக்கப் புராஜெக்ட் என்பதைத்தான் நான் பயன்படுத்துவேன்.

பதிவுக்குப் போனோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடிபோல் வழவழத்த சுண்ணாம்புச் சுவர். ஒரு கை தட்டினால் பட்டாசாலைக் கூடம் முழுக்க எதிரொலிக்கும். ஜமக்காளத்தை விரித்து, கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு, இரண்டாங்கட்டின் ஓர் அறையில் ஆச்சியை உட்காரவைத்தோம். வரிக்கு வரி மூச்சு வாங்கினார்கள். நடுவில் பேத்தி தண்ணீர் கொடுத்தாள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அந்த மூச்சுச் சத்தம் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக வெட்டிச் சுத்தம் செய்து, வயலினும் சேர்த்து அனுப்பினேன். அவருக்குத் திருப்தி. தேவகோட்டையில் இருக்கும் மகள் போன் செய்தார்: “மூச்சு வாங்குனாத்தான் தம்பி எங்க ஆத்தா பாடுன மாதிரி இருக்கு. அதை எதுக்கு எடுத்தீக?” எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்ந்தது. வெர்ஷன் 4ஐத் திறந்தேன். வெட்டாத குரல், அன்றைக்கு வைத்திருந்த ரிவர்ப் (எதிரொலி) அளவு எல்லாம் அப்படியே இருந்தன. வீட்டுக்கு அனுப்பும் எம்பி3 பெயரிலும் அதே எண்ணைப் போடுவதால், எதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என இரண்டும் போயின.

ஒரே ஃபோல்டரில் பல வெர்ஷன் இருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெர்ஷன் 9இல் வெட்டி எறிந்த ஒலி ஃபைல் வெர்ஷன் 4க்குத் தேவைப்படும். பயன்படாத ஃபைல்களை நீக்க ரீப்பரில் ஒரு வசதி இருக்கிறது. பணம் கைக்கு வரும்வரை நான் அந்தப் பக்கமே போவதில்லை.