பற்றும் வரவும்

"இதையெல்லாம் நீங்கள் கற்றுக்கொண்டு போன பிறகு எனக்கு இங்கே என்ன வேலை இருக்கும்?"

பிராங்க்பர்ட்டில், டாவ்னுஸன்லாகே பூங்கா பெஞ்சில், கையில் பாதி சாண்ட்விச்சோடு, எனக்கு வேலை கற்றுத்தந்தவர் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன். தெரியும். அவருடைய குழுவின் வேலை மொத்தமும் அடுத்த ஆண்டு சென்னைக்கு வருகிறது என்ற மெயிலை நான் விமானம் ஏறுவதற்கு முன்பே படித்திருந்தேன். அங்கே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதுவரை பேச்சு, எதிரே நின்ற டாய்ச்ச வங்கியின் இரட்டைக் கோபுரங்களைப் பற்றித்தான். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ஸோல் உண்ட் ஹாபென்'. நம் கணக்கில் பற்று, வரவு. 1984-இல் அவை கட்டி முடிந்தபோது இவர் எங்கள் கிளையன்ட் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த பையன். உயரம் இரண்டுக்கும் 155 மீட்டர், ஆனால் மாடி ஒன்றில் 40, மற்றதில் 38. "டேலி ஆகவில்லை, பார்த்தீர்களா?" என்று சிரித்தார். முன்பெல்லாம் அங்கே ஜன்னலைத் திறக்க முடியாதாம். பிறகு கான்கிரீட் கூட்டை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததையெல்லாம் பிய்த்தெடுத்து, 2011-இல் புதுப்பித்து முடித்தபோதுதான் திறக்கிற ஜன்னல் வந்தது. "வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை" என்றார். கண்ணாடியில் மேகம் நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். ஊரில் வீட்டுக் கடன் இருந்தது. அதைவிட, அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய நிர்வாகத்தார்; எட்டு வாரம் வந்து போகிற நான் இல்லை. இதில் தப்பு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை. ஆனால் "தெரியாது" என்பதற்குப் பதில் "அதை நான் சொல்லக் கூடாது" என்றிருக்கலாமே? அது பொய்யில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். போதுமாக இருந்திருக்கும் என்பதால்தான் அதைத் தவிர்த்தேனோ என்னவோ.

அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும், என்னைச் சோதிக்கத்தான் கேட்டார் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு வாடை பிடிக்காதா?

கேட்டது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஒரு நோட்டைக் கொண்டுவந்து தந்தார். மாதக் கணக்கு முடிக்கும்போது எந்தத் தொகை எங்கே இடிக்கும், எப்படிச் சரிசெய்வது என்று பென்சிலில் ஜெர்மனில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஆங்கிலம். சனி, ஞாயிறு உட்கார்ந்து எனக்காக எழுதியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அதே பச்சை மையில், அடுத்த ஆண்டு ஏதாவது டேலி ஆகாவிட்டால் கூப்பிடச் சொல்லித் தன் எக்ஸ்டென்ஷன் நம்பரை எழுதியிருக்கிறார். முன்பே தெரிந்தவர் அப்படி எழுதுவாரா?