அத்திரம்பாக்கம்: புரூஸ் ஃபுட் நடந்த ஓடைக்கரை

திருவள்ளூரிலிருந்து பூண்டி போனால், நீர்த்தேக்கத்தை ஒட்டியே தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆதிமனிதர்களின் கற்கருவிகள் கிடைத்த ஊரான அத்திரம்பாக்கம் போகிறவர்கள் முதலில் இங்கே கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. ஒரு முனை கூராக, அடிப்பக்கம் உள்ளங்கைக்கு அடங்குவதாக இருக்கும் கல்லாலான கைக்கோடாரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முகத்திலும் சில்லு பெயர்த்த தடம் பிடிபட்டால்தான் கருவி எது, வெறும் கல் எது என்று தெரியும்.

பழைய கற்காலக் கருவியை அப்படி இந்தியாவில் முதலில் கண்டுகொண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடுவதுதான் அவர் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லைப் பார்த்ததும், மனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டார். பிரான்சின் சோம் நதிக்கரையில் கிடைத்த கற்கருவிகள் மனிதக் கைவேலைதான் என்று ஆங்கிலேய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி தெரிந்த ஒருவர் கண்ணில் பல்லாவரத்துக் கல் பட்டது நம் பாக்கியம்.

அதே ஆண்டு செப்டம்பரில் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பக்கம் வந்தபோது கிடைத்ததுதான் அத்திரம்பாக்கம். முள்ளும் புதரும், மழைநீர் அரித்த ஓடைகளும், கால் வைத்த இடமெல்லாம் கூழாங்கல்லுமாகக் கிடக்கிறது. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழுவினர் இங்கே அகழாய்வு செய்து, அடியிலிருந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். ஃபுட் காலத்தில் இப்படிக் கணக்கிட வழியே இல்லை.

அப்புறம் புதிய கற்கால மக்கள் மாட்டுச் சாணத்தை எரித்ததால் உருவான பெல்லாரிச் சாம்பல் மேடுகள், கர்நூல் குகைகள், குஜராத்தின் சபர்மதிக் கரை என்று அவர் அலைந்த தூரம் பெரிது. தமிழறிஞர் பீட்டர் பெர்சிவலின் மருமகன் அவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1904-இல் அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் 1912-இல் மறைந்தார்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கல் எதையும் எடுத்து வராதீர்கள். எந்த ஊரில் எது கிடைத்தது என்று ஃபுட் குறித்துவைத்ததால்தான் அவர் கண்ட இடங்களுக்கு ஆய்வாளர்களால் இன்றும் திரும்பப் போக முடிகிறது.