எந்தப் பன்னிரண்டு?

நாளை ஏ.எம்., பி.எம். என்று இரண்டாகப் பிரிக்கும் பன்னிரண்டு மணிக் கணக்கில் மற்ற பதினோரு எண்களும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன. தகராறு பண்ணுவது 12 மட்டும்தான். டிஜிட்டல் கடிகாரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 11:59 ஏ.எம். முடிந்ததும் 12:00 பி.எம். வருகிறது. எழுத்து மாறிவிட்டது, எண் மாத்திரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது 1-க்கு இறங்கும். 12 பி.எம். முதலில், 1 பி.எம். அப்புறம், 11 பி.எம். கடைசியில். இது என்ன வரிசை? அங்கே உட்கார்ந்திருப்பது உண்மையில் பூஜ்யம். 12 என்ற வேஷத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானில் பகல் பன்னிரண்டரையைப் பிற்பகல் 0 மணி 30 நிமிடம் என்றே சொல்வார்கள். கேட்க விநோதமாக இருந்தாலும் கணக்குப்படி அதுதான் சரி.

நான் நர்ஸ். வார்டில் 24 மணிக் கணக்கு, வீட்டுக்கு வந்தால் 12 மணிக் கணக்கு என்று இரண்டிலும் மாறி மாறி வாழ்கிறேன். வார்டில் ஏன் 24 என்று புதிதாகச் சேரும் பெண்கள் கேட்டால் மருந்துச் சார்ட்டைக் காட்டுவேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி என்றால் அதில் நான்கு கட்டங்கள்: 06, 12, 18, 24. இதையே மற்ற கணக்கில் எழுதினால் 6, 12, 6, 12. பக்கத்தில் இருக்கும் ஏ-யும் பி-யும்தான் ராத்திரியையும் பகலையும் பிரிக்க வேண்டும். அவசரத்தில் கிறுக்கிய ஏ எத்தனை பேர் கையெழுத்தில் பி மாதிரியே இருக்கிறது தெரியுமா? 18 என்று எழுதிவிட்டால் எவ்வளவு மோசமான கையெழுத்தும் அதைக் காலை ஆறு ஆக்க முடியாது.

இந்த ஒரு எழுத்துச் சங்கதி ரயிலையே தவறவிட வைத்திருக்கிறது. சான்ஃபோர்டு ஃபிளெமிங் என்ற கனடா ரயில்வே பொறியாளர் 1876-இல் அயர்லாந்தின் பண்டோரன் நிலையத்தில் மாலை ரயிலுக்குப் போய் நின்றார். கால அட்டவணையில் ஏ.எம். இருக்க வேண்டிய இடத்தில் பி.எம். அச்சாகியிருந்தது, ரயில் காலையிலேயே போய்விட்டது. மனிதர் ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார். அதற்கப்புறம் 24 மணிக் கணக்குக்கும், உலகம் முழுமைக்கும் பொதுவான நேரத்துக்கும் விடாமல் வாதாடினார். 1884-இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டில், உலகப் பொது நாள் நள்ளிரவில் தொடங்கும், 0 முதல் 24 வரை எண்ணப்படும் என்று தீர்மானமே போட்டார்கள்.

நண்பகலுக்கு ஏ.எம்.மா பி.எம்.மா என்பதில் அரசாங்கங்களே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்க அரசின் அச்சு நடைக் கையேடு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் நண்பகலை 12 ஏ.எம். என்றது, 2008 பதிப்பில் அப்படியே தலைகீழாக்கி 12 பி.எம். என்றது. இதில் யார் சரி என்று சண்டை போடுவது வீண். பகல் 12, நள்ளிரவு 12 என்று எழுதினால் விஷயம் முடிந்தது.

முடிந்ததா? பகலுக்கு முடிந்தது. நள்ளிரவுக்கு இன்னொரு வில்லங்கம் பாக்கி இருக்கிறது, அதற்கு 24 மணிக் கணக்கும் முழு மருந்தில்லை. வெள்ளிக்கிழமை நள்ளிரவு என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? வெள்ளி காலை ஆபரேஷன் இருக்கும் நோயாளியிடம் “நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது” என்று சொல்லிப் பாருங்கள். “வெள்ளிக்கிழமை நள்ளிரவுதானே சிஸ்டர்?” என்று கேட்பார். ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. அதனால் நான் நள்ளிரவு என்ற பேச்சையே எடுப்பதில்லை. பொதுவாக மயக்க மருந்துக்கு முன் லேசான உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது கணக்கு. மயக்க டாக்டர் சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, “வியாழன் ராத்திரி 11:30-க்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்” என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். விமானம் பிடிப்பவர்கள் இந்தச் சிக்கலில் தினமும் மாட்டுகிறார்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்றால் 14-ஆம் தேதி ராத்திரியே கிளம்ப வேண்டும். பதினைந்தாம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

நைட் டியூட்டியில் இதே கதை வேறு மாதிரி. ஒரே ஷிஃப்ட், இரண்டு தேதி. நடுராத்திரி மருந்தை 14-ஆம் தேதிப் பக்கத்தில் 24:00 என்று எழுதுவதா, 15-ஆம் தேதிப் பக்கத்தில் 00:00 என்று எழுதுவதா? இரண்டும் ஒரே நொடி. ஆனால் ஒருவர் இப்படியும் அடுத்தவர் அப்படியும் எழுதினால், பார்க்கிற மூன்றாவது ஆளுக்கு இரண்டு டோஸ் போட்ட மாதிரி தெரியும். நேரத்தை எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமே (ஐஎஸ்ஓ 8601) 2019-இல் 24:00-ஐத் தூக்கிவிட்டு, 2022-இல் திருத்தம் போட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. என் கட்சி 00:00. தேதியும் நேரமும் சேர்ந்தே புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது. உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் 24:00 கட்சி. “நான் ஆரம்பித்த நாளை நான்தான் முடிப்பேன்” என்பார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வானியலாளர்கள் 1924 கடைசி வரை நாளை நண்பகலில்தான் தொடங்கினார்கள். ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கிறவருக்கு நடுவில் தேதி மாறினால் குறிப்பேடு என்னவாகும்? 1925 ஜனவரி 1 முதல் அவர்களும் நள்ளிரவுக்கு மாறினார்கள். ஆனாலும் நாட்களை இடைவிடாமல் வரிசையாக எண்ண அவர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் இன்றைக்கும் நண்பகலில்தான் மாறுகிறது. ஜப்பானில் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு 25 மணி, 26 மணி என்றே போடுவது உண்டு. 25 என்றால் அந்த ராத்திரியே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஆள் தூங்கப் போகும்வரை அது அதே நாள்தான். நைட் டியூட்டி பார்க்கிற எவருக்கும் இது உடனே புரியும். எங்கள் சார்ட்டில் 25-ஆம் கட்டம் கேட்டால் மேட்ரன் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.