தகட்டில் ஒரு சேஸிஸ்

பழைய ரேஸ் பைக்குகளில் எனக்குப் பிடித்த சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடு, எது என்று கேட்டால், யோசிக்காமல் பிரிட்டிஷ் கம்பெனியான நார்ட்டனின் 1973 ரேஸ் பைக், ஜான் பிளேயர் நார்ட்டன் என்பேன். வடிவமைத்த பீட்டர் வில்லியம்ஸ்தான் அதை ஓட்டியவரும். தான் வரைந்ததில் தானே உயிரைப் பணயம் வைப்பது லேசுப்பட்ட காரியமா?

கையில் இருந்தது நார்ட்டனின் சாலை பைக்கான கமாண்டோவின் பழைய இரட்டை சிலிண்டர் இன்ஜின். குதிரைத்திறனில் மற்றவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. சரி, காற்றைக் கிழிப்பதிலாவது ஜெயிப்போம் என்று வண்டியையே ஒடுக்கினார். குழாய்களை வளைத்துப் பற்றவைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை மடித்து ஒரு பெட்டி போல மோனோகாக் (கூடே எடையைத் தாங்கும் அமைப்பு) செய்தார். சேஸிஸும் அதுவே, பெட்ரோல் டேங்கும் அதுவே. அதில் ஊற்றும் பெட்ரோல், இன்ஜினின் இருபுறமும் தாழ்வாக நிற்பதால் எடையும் கீழே இறங்கிவிடும். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஆண்டே ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி பைக் பந்தயத் திருவிழாவில், 750 சிசி வரையிலான பைக்குகளுக்கான ஃபார்முலா 750 பந்தயத்தை வில்லியம்ஸ் வென்றார்.

மெக்கானிக்குகளுக்குத்தான் திண்டாட்டம்! இன்ஜினில் கை வைக்கவே படாதபாடு. 1974-இல் மறுபடியும் குழாய் ஃப்ரேமுக்கே போய்விட்டார்கள். நியாயம்தான், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.