பர்ஸின் பூர்விகம்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் பட்டறை. ஆறு தையல் இயந்திரம், எட்டுப் பேர். தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அந்தத் தொழில் இங்கிருந்து கிளம்பிவிட்டது; எங்கள் கையில் தையல் மட்டும் மிஞ்சியது.

போன ஆண்டு பாங்காக்கில், சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் 600 ஜிப் பர்ஸ் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனை: "ஆசியான் பூர்விகச் சான்றிதழ் வேண்டும் அண்ணாச்சி. அது இல்லாமல் முழு சுங்கவரி கட்டி எடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது."

ஆசியான் என்பது தாய்லாந்தும் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. அந்த நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருள் இந்தியாவில் உருவானதுதான் என்று பூர்விகச் சான்றிதழ் காட்டினால் அங்கே வரிச்சலுகை கிடைக்கும். அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாசாரம் என்று அதுவரை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஏற்றுமதி செய்வோர் வாங்க வேண்டிய ஐ.இ.சி. எண்ணைப் பதிய 500 ரூபாய். வந்த எண்ணைப் பார்த்தால் அது என் பான் எண்ணேதான். ஜி.எஸ்.டி. கட்டாமல் சரக்கை அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்தேன். டிஜிட்டல் கையெழுத்துக்கான பென் டிரைவ் போன்ற சாவியும் வந்து சேர்ந்தது. இதிலெல்லாம் சிரமமே இல்லை.

மாட்டிக்கொண்டது செலவுக் கணக்கில்தான். பர்ஸ் இந்தியப் பொருள் என்று ஏற்க இரண்டு விதிகள். சுங்கத்தில் ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் எச்.எஸ். என்ற எண் உண்டு; வெளிநாட்டு மூலப்பொருளின் எண்ணும் செய்து முடித்த பொருளின் எண்ணும் முதல் ஆறு இலக்கத்தில் வேறுபட வேண்டும். ஜிப் 9607இல் வரும், தோல் பர்ஸ் 4202.31, ஆகவே அது தானாகவே சரியாகிவிட்டது. அடுத்தது, கப்பலேற்றும் விலையில் குறைந்தது 35 சதவீதம் உள்ளூர் மதிப்பாக இருக்க வேண்டும்.

நம் தோல், நம் கூலி, 35 என்ன, 90 காட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பர்ஸ் 400 ரூபாய். தோல் 215, உள்துணி 20, ஜிப் 25, பித்தளைப் பொத்தானும் பெட்டியும் 10. கூலி, வாடகை, லாபம் எல்லாம் சேர்த்து 130. சரக்கு முகவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தோலுக்குப் பில் எங்கே?"

பில்லா? இருபது வருடமாக ரொக்கம் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற தோல். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பொருளையும் ஒப்பந்தம் அயல்நாட்டுக் கணக்கில்தான் வைக்கிறதாம். அப்படிப் பார்த்தால் என்னிடம் மிஞ்சுவது 130. அதாவது 32.5 சதவீதம். சென்னைப் பெரியமேட்டிலிருந்து வந்த ஆட்டுத்தோல், ஒரு காகிதம் இல்லாததால் ஊர் பேர் தெரியாததாகிவிட்டது! மும்பையில் பிறந்தும் "எந்த ஊர்க்காரர்" என்று இன்றும் கேட்கப்படுகிற எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது.

தோல் கடை பாயிடம் போனேன். "பில் போட்டால் வரி தனி" என்றார். போடுங்கள் என்றேன். அவருக்குப் பெரியமேட்டிலிருந்து வந்த பில்லின் நகலையும் கெஞ்சி வாங்கினேன். தோல் நம் கணக்கில் ஏறியதும் 32.5 என்பது 86.25 ஆனது. வரியையும் விலையில் ஏற்றிச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

இதற்குள் சரக்கு நவா சேவா துறைமுகத்தில் கப்பலேறிவிட்டது. போதாக்குறைக்கு, சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லில் ஓர் எச்.எஸ். எண்ணும் என் சான்றிதழ் விண்ணப்பத்தில் வேறோர் எண்ணும் இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. தவறு என்னுடையது, கைப்பைக்கான 4202.21ஐ அடித்திருந்தேன். சரிசெய்து அனுப்புவதற்குள், கப்பலேறியபின் தரும் மூன்று வேலைநாள் அவகாசமும் தாண்டிவிட்டது.

கடைசியில் சான்றிதழ் வந்தது, "சரக்கு போன பிறகு வழங்கப்பட்டது" என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்போடு. பாங்காக்காரர் பதறிப்போனார். "இது செல்லுமா? அங்கே ஏதோ தப்பு நடந்ததாக எழுதியிருக்கிறதே?" கப்பலேறி 12 மாதத்துக்குள் அப்படி வாங்க ஒப்பந்தமே இடம் தருகிறது என்று விளக்கினேன். அவர் நம்பியது, அவருடைய சுங்க முகவரும் அதையே சொன்ன பிறகுதான்.

இப்போது இரண்டாவது ஆர்டர், 900 பர்ஸ். தோல், உள்துணி, பெட்டி எல்லாவற்றுக்கும் பில் கோப்பில் இருக்கிறது. ஜிப் வியாபாரியிடம் மட்டும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சூரத் என்கிறார், மறுநாள் சீனா என்கிறார். அந்த 25 ரூபாயை "பூர்விகம் தெரியாதது" என்ற கட்டத்திலேயே எழுதிவிட்டேன்.