டி63 உயரம் தாண்டுதல் பார்க்கிறவர்களுக்கு

பாராலிம்பிக் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்) உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலு தாண்டும்போது திரையில் 'டி63' என்று வரும். வர்ணனையாளர்கள் பெரும்பாலும் அதை விளக்குவதே இல்லை. 'டி' என்றால் ஓட்டமும் தாண்டுதலும்; எறிதலுக்கு 'எஃப்'. 2018இல் பிரிவுகளைப் பிரித்த பிறகு, முழங்காலுக்கு மேல் செயற்கைக்கால் அணிந்து ஆடுபவர்கள் 63, செயற்கைக்கால் இல்லாதவர்கள் 42. மாரியப்பன் 42தான். டோக்கியோ பாராலிம்பிக்கில் (2021) இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே போட்டி, ஒரே பதக்க வரிசை.

செயற்கைக்கால் இருந்தாலும் உந்தி எழுவது நல்ல காலில்தான். ஆனால் ஓடிவரும் தாளத்துக்கு இரண்டு காலும் வேண்டும். டோக்கியோவில் மழை; பாதித்த காலின் சாக்ஸ் நனைந்து தொல்லை கொடுத்ததாக மாரியப்பனே சொன்னார். 1.86 மீட்டரில் வெள்ளி. அமெரிக்காவின் சாம் க்ரூவ் 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார்.

ஸ்கோர் அட்டையில் 'ஓ' தாண்டியது, 'எக்ஸ்' தவறியது, கோடு அந்த உயரத்தை விட்டுவிட்டது. தொடர்ந்து மூன்று 'எக்ஸ்' வந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரே உயரத்தில் இருவர் நின்றால், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்கு 'எக்ஸ்' குறைவோ அவரே முன்னால். அதிலும் சமமென்றால் அதுவரையிலான மொத்த 'எக்ஸ்'. ரியோவில் (2016) மாரியப்பன் 1.89 தாண்டித் தங்கம் வென்றபோது, க்ரூவும் இன்னொரு இந்தியரான வருண் சிங் பாட்டியும் 1.86இல் நின்றார்கள். வெள்ளி க்ரூவுக்குப் போனது இந்தக் கணக்கில்தான்.