ஐஎஸ்38 டர்போ போட்ட ஆக்டேவியாவுக்கு டியூனிங்: சேலத்துக்காரன் அனுபவம்

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கம்பெனியில் ஐஎஸ்20; அதை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஐஎஸ்38 போட்டாயிற்று, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பெரியதாக மாட்டியாயிற்று. 350 குதிரைத்திறன் பக்கம் போகத் தேவையான பாகங்கள் இருந்தன. அதை ஓட்டுகிற மேப்தான் இல்லை, அதாவது எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்றழுத்தம், எப்போது பொறி என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்கு (ஈசியு) சொல்லும் கணக்கு. எந்த வழியில் டியூன் செய்வது என்பதில்தான் நாள் ஓடியது.

முதலில் கழிந்தது பிக்கிபேக் பெட்டி, ஈசியுவைத் தொடாமல் வெளியே சேர்க்கும் சின்னப் பெட்டி. அது, இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் சொல்லும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசியுவை ஏமாற்றுகிறது. கம்பெனி டர்போவில் கொஞ்சம் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) கூட்டிக்கொள்ள அது போதும். டர்போவையே மாற்றிய வண்டியில் இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) தொட முடியாத பெட்டியை வைத்து என்ன செய்வது? கம்பெனி ஈசியுவுக்குப் பதிலாக வைக்கும் ஸ்டாண்டலோன் ஈசியு பக்கம் நான் போகவே இல்லை. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷனையும் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் அதோடு பேச வைக்கும் செலவு, தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அநியாயம்.

மிச்சம் மூன்று: கடையில் கிடைக்கும் ரெடிமேட் மேப் (ஸ்டேஜ் ஃபைல்), ஓடும்போது ஈசியு காட்டும் அளவுகளின் பதிவை (லாக்) தூரத்தில் இருக்கும் டியூனருக்கு அனுப்பி வாங்கும் ரிமோட் டியூன், வண்டியை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் டைனோ.

ரெடிமேட் ஃபைலில் எனக்கு இருந்த தயக்கம் வெயில்தான். வெளிநாட்டுக் குளிரில், 98 ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்து எழுதிய மேப், நம் ஏப்ரல் மாதத்து 40 டிகிரியில், 95 ஆக்டேனில் என்ன செய்யும்? நாக் வரும் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும்), ஈசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வண்டி மந்தமாகும். எப்போதாவது ஒரு சிலிண்டரில் டைமிங்கை 2, 3 டிகிரி இழுத்தால் நான் கவலைப்பட மாட்டேன். நாலும் சேர்ந்து 5 டிகிரி இழுத்தால் அந்த மேப் நம் ஊருக்கு ஆகாது.

ரிமோட் டியூனர் கேட்பது மூன்றாவது கியரில், 2,500-இலிருந்து 6,500 ஆர்பிஎம் வரை, முழு ஆக்சிலரேட்டரில் ஒரு லாக். இந்த வண்டியில் அது நெடுஞ்சாலை வேக வரம்பைத் தாண்டும் வேலை. எங்கள் நான்குவழிச் சாலையில் நடுவில் இருக்கும் இடைவெளியில் மாடு, மொபெட், எதிர்த்திசையில் வரும் டிராக்டர் எல்லாம் சகஜம். விடியற்காலையில் போனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆக டைனோ. சேலத்திலிருந்து கோவைக்கு 160 கிலோமீட்டர் சொச்சம். மோட்டார் ஸ்போர்ட் ஊர், ஆளும் உண்டு, கருவியும் உண்டு. போனில் நான் முதலில் கேட்டது, "லோடு பிடிக்கிற டைனோவா, வெறும் இனர்ஷியா உருளையா?" என்றுதான். லோடு டைனோ உருளைக்கு பிரேக் போட்டு இன்ஜினுக்குச் சுமை தரும்; இனர்ஷியாவில் கனமான உருளை மட்டும்தான். இனர்ஷியா டைனோவில் ஒரே மூச்சில் ஆர்பிஎம் ஏறிவிடும். 2,000 ஆர்பிஎம்மில் வண்டியைப் பிடித்து நிறுத்திப் பார்க்க முடியாது. எனக்கு வேண்டியதே அந்த 2,000தான்.

காரணம் நான் ஏறும் ஏற்காடு மலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கோடை விழா சமயம் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து வளைந்து, நிமிர்ந்ததும் அழுத்தினால் இன்ஜின் 1,800-இல் உயர் கியரில் சுமை இழுக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போக்களில் பிளக் பொறிக்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து அதிகமாக இருப்பது அந்த இடத்தில்தான். பிஸ்டனை உடைக்கக்கூடிய சமாச்சாரம்.

உயரம் இன்னொரு கணக்கு. சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 0.98 பார், 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் 0.85. இந்த ஈசியு மொத்த அழுத்தத்தைக் குறிவைத்து ஓடுவது. கீழே 2.28 பார் வேண்டும் என்றால் டர்போ உள்ளே வரும் காற்றை 2.3 மடங்கு அழுத்தினால் போதும். மேலே அதற்கே 2.7 மடங்கு. டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும்.

இதையெல்லாம் சொன்னதும் டியூனர் சிரித்தார். "ஏனுங்ணா, உங்களுக்கு பிரிண்ட்ல 350 வேணுமா, மலையேறணுமா?"

மலையேறணும் என்றேன். 2,500-க்குக் கீழே டார்க்கை மெதுவாக ஏறவிட்டார், உயரம் கூடினால் பூஸ்ட் இலக்கு தானாகக் குறையும்படி வைத்தார். வண்டி கம்பெனியிலிருந்து வந்ததே 350 நியூட்டன் மீட்டரில். கூடுதல் டார்க்குக்கு கிளட்ச் வழுக்காமல் இருக்க டிஎஸ்ஜிக்கும் தனி ஃபைல். கிராஃபில் உச்சம் நான் நினைத்ததைவிடக் குறைவுதான். பரவாயில்லை. அதன்பிறகு மலையில் பாதி ஆக்சிலரேட்டரில் சாதாரணமாக ஓட்டி எடுத்த லாக்குகளை அனுப்பினேன். சின்னத் திருத்தங்கள் ரிமோட்டிலேயே முடிந்தன.

ஆர்சி, இன்சூரன்ஸ் விஷயத்தை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ஐப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். டியூனர் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்.

என் வண்டியை ஓட்டிப் பார்த்த சித்தப்பா மகன் தன் 1.0 டிஎஸ்ஐ டர்போ காருக்கும் டைனோ டியூன் வேண்டும் என்கிறான். டர்போவை மாற்றாதவரை அவனுக்கு அது தண்டச் செலவு. நம் பெட்ரோலுக்கு எழுதிய ஸ்டேஜ் 1 (பாகம் எதையும் மாற்றாத வண்டிக்கான) ஃபைலைப் போட்டு, மே மாத வெயிலில் ஒரு நாக் லாக் எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.